மலையைப் பாதி சுற்றிய நாள்

1

என் மனைவி கோமதி போய் மூன்றாவது வருஷம் சென்ற வாரம் வந்தது. காஞ்சிபுரத்தில் இருந்திருந்தால் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, பத்துப் பேர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இங்கே கனடாவில், கால்கரி நகரத்தில், எனக்கும் என் மகள் நிவேதாவுக்கும் அந்த நாளில் ஒரே ஒரு சடங்குதான். மலைக்குப் போய் நடப்போம்.

இது நிவியின் ஏற்பாடு. முதல் வருஷம் நான் படையலுக்கு வாழை இலை தேடி அலைந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எனக்கு அந்த மந்திரம்லாம் புரியாது பா. அம்மாக்கு மல புடிக்கும். நடந்துட்டு வரலாம்."

கோமதிக்கு மலை பிடிக்கும் என்பது பாதி உண்மை. காருக்குள் உட்கார்ந்து, எலுமிச்சம்பழச் சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். இறங்கி நட என்றால் செருப்பு கடிக்கிறது என்பாள். ஆனால் நான் வாதாடவில்லை. மகள் ஒரு நாள் முழுக்க என்னோடு இருக்கிறேன் என்கிறாள், அதைப் போய் யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

நிவி பக்கத்து மாகாணத்தில், ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் வரக்கூடிய ஊரில், கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் வருவாள். நடப்போம். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவாள். வருஷத்தில் எனக்கு அவள் முழுசாகக் கிடைப்பது அந்த ஒரு நாள். எந்தப் பாதையில் நடப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டிருந்தாள்.

இந்த வருஷம் எனக்கு ஒரு காரியம் இருந்தது. என் தம்பி ரவி, காஞ்சிபுரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து 'வந்துடு, வந்துடு' என்கிறான். எனக்காக மாடியில் ஓர் அறையும் கட்டிவிட்டான். நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். நிவி 'இங்கியே இருப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவேன். நானாகக் கேட்டு அவள் சொல்லக் கூடாது. அவளாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படியாக ஒரு பாதையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. மலை என்றால் ஒரு வழி இருக்கும், படி இருக்கும், வழியில் மோர் விற்பார்கள், உச்சியில் கோயில் இருக்கும். எந்த வழியில் போவது என்ற கேள்வியே வராது. இங்கே ஒரு தேசியப் பூங்கா என்பது நம் மாவட்டத்தையே எடுத்து உள்ளே போட்டாலும் மிச்சம் இருக்கிற அளவு. அதற்குள் நூற்றுக்கணக்கான பாதைகள். எல்லாவற்றுக்கும் பெயர், நீளம், ஏற்றம், எளிது, நடுத்தரம், கடினம் என்று கணக்கு. நாயை அழைத்துப் போகலாமா, சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை உண்டா என்பது வரை இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள்.

எல்லாம் போட்டிருக்கிறார்கள், எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. எந்தப் பாதையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம்? எங்கே மூச்சு வாங்காமல் பேசலாம்? இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடித்துத் தேடுவது?

நடந்தவர்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். 'மிகவும் எளிது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம்' என்று ஒருவர். அதே பாதைக்கு, 'இதை எளிது என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று இன்னொருவர். இந்த ஊர்க்காரர்களின் எளிது வேறு, என் முழங்காலின் எளிது வேறு. போன வருஷம் நடுத்தரம் என்று நம்பிப் போய், நான் மூச்சு வாங்குவதைப் பார்த்தே நிவிக்குப் பொழுது போய்விட்டது. என்ன பேசினோம் என்று யோசித்தால் 'தண்ணி குடி பா' என்பது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது.

ஏரிக்கரையோரமாக ஒரு பாதை இருந்தது. அகலம், சமதளம், படத்தில் பார்க்கவே மனசு குளிர்ந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். கீழே சிவப்பு எழுத்தில் அறிவிப்பு: தாய்க்கரடி நடமாட்டம், குறைந்தது நான்கு பேர் சேர்ந்து நெருக்கமாக நடக்க வேண்டும், இது சட்டம், மீறினால் அபராதம்.

நாங்கள் இரண்டு பேர். கோமதி இருந்தாலும் மூன்று பேர்தான்.

அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் தேட ஓடவில்லை. கணினியை மூடிவிட்டு, பால்கனியில் போய் நின்றுகொண்டிருந்தேன். நான்கு பேர் என்பது எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும், 'நாளைக்கு என்னோடு வந்து நட' என்று கூப்பிட எனக்கு இன்னும் இரண்டு பேர் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

3

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு சுற்றுப்பாதை. சின்ன மலை ஒன்றை முழுசாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். போன வழியே திரும்புகிற பாதைகளை நான் எடுப்பதே இல்லை. பழக்கம் அப்படி. காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு நடப்பது என்றாலே சுற்றுவதுதான். ஏகாம்பரநாதர் பிராகாரத்தைச் சுற்றுவோம், வரதரைச் சுற்றுவோம், பௌர்ணமிக்கு பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போய் மலையைச் சுற்றுவோம். அந்த மலையே சாமி, அதன்மேல் ஏறி மிதிப்பதில்லை. கைலாசநாதர் கோயில் கருவறையைச் சுற்ற ஒரு பொந்து இருக்கிறது, தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். கல்யாணமான புதிதில் நான் அதற்குள் பயந்துபோய்ப் பின்னாலேயே வரப் பார்த்தேன். கோமதி எனக்குப் பின்னால் இருந்தாள். "பாதி சுத்துல திரும்பக் கூடாது, போயா முன்னால" என்று காலைப் பிடித்துத் தள்ளினாள். வெளியே வந்து அரை மணி நேரம் சிரித்தாள்.

ஆக, சுற்றுப்பாதை. அதிலும் வலமாக. மலை நமக்கு வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.

பூங்காவின் தகவல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று போனோம். அங்கே போவதற்குள்ளேயே ஒரு பாடு. கார் நிறுத்த இடத்துக்கு முன்பதிவு, பூங்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு. அந்த முன்பதிவுக்கு இணையத்தில் காத்திருந்ததில், கருட சேவைக்கு வரதர் கோயில் வாசலில் நிற்பது மேல் என்று ஆகிவிட்டது. அங்கேயாவது கடைசியில் பெருமாள் வருவார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்: உங்களுக்கு என்ன பார்க்கப் பிடிக்கும், ஏரியா, அருவியா, பனிப்பாறையா? நான் யோசித்தேன். என் மகள் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வதைப் பார்க்கப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தமிழிலும் தெரியாது. "எதுவானாலும் சரி" என்றேன்.

அந்தச் சுற்றுப்பாதையைக் காட்டினேன். நல்ல தேர்வு என்றாள். பேனாவால் வரைபடத்தில் அம்புக்குறி போட்டாள். எல்லோரும் இந்தப் பக்கமாகத்தான் போவார்கள், மறுபக்கம் போனால் செங்குத்தான இடம் கடைசியில் இறக்கமாக வரும், முழங்காலுக்கு ஆகாது என்றாள். அம்பு இடமாகச் சுற்றியது.

நான் தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம், ஒத்துக்கொண்டேன் என்று அல்ல. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், அவளுக்குத் தெரியவில்லை.

4

பாதை பிரிகிற இடத்தில் நான் இடது பக்கம் திரும்பினேன். நிவி நின்றுவிட்டாள்.

"பா, அந்த லேடி இந்தப் பக்கம்னு சொன்னாங்க."

"மலை வலது பக்கம் இருக்கணும்மா."

"ஏன், உள்ள சாமியா இருக்குது?"

"உங்கம்மா நாளு. இடமா சுத்த வேணாம்."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு, "சரி வா. அம்மா நாளு" என்றாள்.

நிவியின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்ப் பள்ளி, வகுப்பு என்று எதுவும் அவள் போனதில்லை. அவளுக்கு இருப்பது முழுக்கக் கோமதியின் தமிழ். 'வந்துக்கினு' 'போய்க்கினு' என்று அச்சாகச் சின்ன காஞ்சிபுரம். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். பேச ஆளில்லாததால் அந்தத் தமிழும் குறைந்துகொண்டே வருகிறது. போன வருஷம் தெரிந்த வார்த்தைகள் சிலவற்றை இந்த வருஷம் தேடினாள்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. மெதுவான ஏற்றம், பைன் மரங்கள், கீழே எங்கோ ஓடைச் சத்தம். ஆனால் அகலம் ஓர் ஆளுக்குத்தான் இருந்தது. அவள் முன்னால், நான் பின்னால். நாங்கள் எதிர்த்திசையில் போனதால், அந்த மலைக்கு அன்று வந்திருந்த அத்தனை பேரையும் நேருக்கு நேர் சந்தித்தோம். ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி நின்று வழி விட்டு, காலை வணக்கம் சொல்லி, அழகான நாள் என்று ஒத்துக்கொண்டு, அவர்கள் நாயைப் பாராட்டி அனுப்ப வேண்டியிருந்தது. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பேன், வளைவிலிருந்து நாலு பேர் வருவார்கள்.

ஆள் வராத இடங்களில் கரடிக்காகச் சத்தம் போட வேண்டும். அதுவும் விதி. திடீரென்று எதிரே போய் நின்றால்தான் கரடி மிரளும், மனிதச் சத்தம் கேட்டால் தானே விலகிப் போய்விடும். நிவி கை தட்டிக்கொண்டு "ஏய் ஓ! ஏய் ஓ!" என்று கத்தினாள். "நீயும் ஏதாச்சும் பேசு பா, சும்மா வந்துக்கினு இருக்காத" என்றாள்.

இத்தனை நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், "மெட்ராஸ் ரோடெல்லாம் இப்ப அகலப்படுத்திட்டாங்களாம்" என்று கத்தினேன். "ரவி கடைய மாத்திட்டானாம்!" அவள் திரும்பாமல், "அப்டியா!" என்று கத்தினாள். கரடி கேட்டிருந்தால் எங்கள் குடும்ப விஷயத்தில் ஒன்றுமில்லை என்று போயிருக்கும்.

"மாடில ரூம் கட்டியிருக்கான்!"

"சூப்பர்!"

அவ்வளவுதான். ரூம் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்தே கேட்கவில்லையா என்று அவள் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

5

மத்தியானத்துக்கு மேல் அந்த இடம் வந்தது. பாதை ஒரு பாறை விளிம்பில் முடிந்து, அப்படியே கீழே சரிந்தது. பிடித்து இறங்க ஒரு சங்கிலி, அடியில் உருளும் சரளைக் கல். கீழே, கையெட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி, கார் நிறுத்துமிடம் தெரிந்தது. என் காரின் கூரை கூடத் தெரிந்தது. இந்தச் சரிவைத் தாண்டினால் சுற்று முடிந்தது.

நிவி சரசரவென்று பாதி இறங்கிப் போய் நின்று, "வா பா. பின்னால திரும்பிக்கினு, சங்கிலியப் புடிச்சிக்கினு எறங்கு" என்றாள். நான் திரும்பினேன், பிடித்தேன், ஒரு காலை வைத்தேன். கல் உருண்டது. முழங்கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு என்னால் கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. சங்கிலியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கீழேயிருந்து ஏறி வந்த இளவட்டங்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒருவன் மட்டும், ஐயா நீங்கள் தப்பான பக்கம் போகிறீர்கள் என்று அன்பாகச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது.

நிவி மேலே ஏறி வந்து, என் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கி, விளிம்பில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"திரும்பிடலாம் பா. வந்த வழியே போயிடலாம்."

"பாதி சுத்துல திரும்பக் கூடாதும்மா."

"யாரு சொன்னது?"

"உங்கம்மா."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா இல்ல பா. இப்ப நீயும் நானும்தான். எனக்குப் பயமா இருக்குது. நீ இங்க வுழுந்தன்னா நான் தனியா என்னா பண்ணுவேன்?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. தனியா என்னா பண்ணுவேன் என்றாளே. அதன் பக்கத்தில்தானே இருக்கிறது நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை.

எழுந்து, வந்த வழியே திரும்பினோம்.

6

அந்த நம்பிக்கையில்தான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று இருந்தவன் கேட்டுவிட்டேன். எதிரே யாரும் வராத நேரம். எல்லோரும் எங்களைக் கடந்து போயாகிவிட்டது.

"ரவி வந்துடுன்றான்மா. அந்த ரூம் எனக்குத்தான். என்ன சொல்லட்டும்?"

அவள் நடையை நிறுத்தவில்லை. கை தட்டினாள். "ஏய் ஓ!" என்றாள், மரங்களைப் பார்த்து.

"நான் என்னா சொல்லணும்னு பாக்குற பா?"

"மனசுல இருக்கறத."

"இருன்னு சொன்னா நீ இருந்துடுவ." இப்போது நின்றாள், ஆனால் திரும்பவில்லை. "அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் என் போனுக்காக ஒக்காந்துக்கினு இருப்ப. இப்பவும் அப்டித்தான் இருக்குற. எனக்குத் தெரியும் பா. நான் வேலைல இருந்தாலும், ஃப்ரெண்ட்ஸோட இருந்தாலும், நீ அந்த ஜன்னல்கிட்ட ஒக்காந்துக்கினு இருக்கிறது என் முதுகு மேலயே இருக்குது. மூச்சு முட்டுது."

"நான் ஒண்ணும் கேட்டதில்லையேம்மா."

"அதான் பா. நீ எதையும் கேக்கறதில்ல. கேட்டாத்தான முடியாதுன்னு சொல்லலாம்?"

ஊருக்குப் போனால் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். போன முறை போனபோது பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொடவ எடுக்கவா சார்? நேரா தறிக்காரர் வீட்டுக்கே கூட்டிக்கினு போறேன்" என்றார். நான் இந்த ஊர்தான் என்றேன். "எல்லாரும் அப்டித்தான் சார் சொல்றாங்க" என்று சிரித்தார். ரவியின் பிள்ளைகள் என் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்காரவில்லை. விருந்தாளிக்குச் செய்வது மாதிரி முதலில் என் இலைக்குத்தான் பரிமாறினார்கள். அந்த வீட்டில் நான் சாகும்வரை விருந்தாளியாகவே இருப்பேன். இங்கே பாரம், அங்கே விருந்தாளி. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் இத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் அவள் முதுகில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றினது போல ஆகும்.

"அப்போ போகட்டுமா?" என்றேன்.

"போன்னும் என்னால சொல்ல முடியாது பா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "அத மட்டும் சொல்லச் சொல்லாத."

மீதி வழி முழுவதும் நடந்தோம். மலை இப்போது எங்கள் இடது பக்கம் இருந்தது. மெதுவான இறக்கம், முழங்காலுக்கு இதமாகத்தான் இருந்தது. தகவல் நிலையத்துப் பெண் சொன்னபடி முதலிலேயே இந்தத் திசையில் வந்திருக்கலாம்.

7

என் கால் நடுங்கிக்கொண்டிருந்ததால் என் காரை நிவிதான் ஓட்டினாள். கோடைகாலம், சாயங்காலம் முடிந்தும் நல்ல வெளிச்சம். பூங்காவுக்குள் போன் எடுக்காது. நெடுஞ்சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் என் போன் மணி அடித்தது. காரில் இணைத்திருந்ததால் ரவியின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்.

"அண்ணா, எத்தன வாட்டி அடிக்கிறது? எங்க போயிட்ட?"

"மலைக்குடா. சொல்லு."

"மாடி ரூமுக்கு ஏசி போடறவன் இன்னிக்கி வர்றேன்றான். இத்தோட மூணாவது வாட்டி ஒத்திப்போட்டுட்டேன். நீ வருவியா மாட்டியான்னே சொல்ல மாட்டேன்ற. நான் அவனுக்கு என்னான்னு பதில் சொல்றது?"

நான் நிவியைப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கடைசித் தடவையாகப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஒரு வார்த்தையைக்கூடத் தேடவில்லை.

"போடச் சொல்லு சித்தப்பா. அப்பாக்கு நம்மூரு வெயிலு இப்ப தாங்காது."

ரவிக்கும் அது கோமதியின் குரலாகத்தான் கேட்டிருக்கும். "அண்ணா, கேட்டுதா? அப்போ போடச் சொல்லிடட்டா?" என்றான்.

"சொல்லிடு" என்றேன்.